பூஜையன்று காலியான ஃபைல்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே வெறுப்பு வருகிறது.

"ஏனுங்க, சேவ் பண்ணுனா ஏன் இப்படி இழுக்குது? ஏதாச்சும் பண்ணுங்க" என்று முதலாளி தினமும் நச்சரித்தார். டிஸ்க் பழசு, மாற்றுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கெட்டிக்காரன் என்று பேர் வாங்கும் அரிப்பு என்னை விடவில்லை. கம்பெனியின் ஃபைல்கள் எல்லாம் ஒரே சர்வரில்தான் சேவ் ஆகும். நாம் சேவ் செய்வதை அதிலிருக்கும் லினக்ஸ் முதலில் மெமரியில் வைத்துக்கொண்டு, பிறகுதான் டிஸ்கில் எழுதும். எழுதாதது அதிகமாகக் குவிந்தால், சேவ் செய்பவரைக் காக்க வைக்கும். அந்த வரம்பைக் கண்டபடி உயர்த்தினேன். அரை நிமிடத்தில் எழுத வேண்டியதை இரண்டு மணி நேரம் தள்ளிப்போடவும் விட்டேன். மறுநாளே சேவ் எல்லாம் நொடியில் முடிந்தது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார், இளித்துக்கொண்டே குடித்தேன்.

ஆயுத பூஜையன்று காலை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கம்ப்யூட்டரில் துணி வெட்டும் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்த பெண், ஒரு குழந்தைச் சட்டைக்கு எல்லா அளவுகளையும் முடித்தாள். மதியமே ஆர்டர் கொடுத்த பையருக்கு அனுப்ப வேண்டியது. சேவ் ஆகிவிட்டதாகத் திரையில் வந்ததை நானே பார்த்தேன். தையல் மெஷின்களோடு சர்வருக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். எலெக்ட்ரீசியன் மெயினை இறக்கி, யூ.பி.எஸ்ஸையும் அணைத்து, சர்வரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். பொரி வாங்கும் வரிசையில் நின்ற எனக்கு அது உறைக்கவே இல்லை.

பூஜை முடிந்து திறந்தால் ஃபைல் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. டிஸ்குக்குப் போகாமல் மெமரியிலேயே கிடந்தது கரண்ட் போனதும் அழிந்திருக்கிறது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் சேவ் பண்ணிட்டுத்தான் போனேன். அண்ணே, நீங்களும் பாத்தீங்கல்லா?" என்றாள் அவள்.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "அவசரத்துல மறந்திருப்பாங்க" என்றேன். சீ, என்ன வாய் அது!

"நாளைல இருந்து வர வேண்டாம் கண்ணு" என்று முதலாளி சத்தமே போடாமல் சொன்னார். அவள் அழவில்லை. கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே வரம்புகளைப் பழையபடி குறைத்துவிட்டேன், பெரிய யோக்கியன் மாதிரி.

அடுத்த வாரம் அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். "மறுபடியும் இழுக்குதுங்க. முந்தி பண்ணுன மாதிரியே பண்ணிக் குடுங்க" என்றார் முதலாளி. சர்வர் மேல் குங்குமம் இன்னும் காயாமல் இருப்பது போல எனக்குத் தெரிந்தது.

"சரிங்க" என்றேன்.