கன்னத்துக்கு ஒரு பொத்தான்

கழற்றிய பொத்தானைத் தூக்கிப் போடுவதற்கு முன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்க்கிறார். நின்றுபோன லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவர், அதற்குள் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். டார்ச் தரையில், டெஸ்டர் காதிடுக்கில். பலகையிலிருந்து பிடுங்கிய வட்டப் பொத்தானை இடது கன்னத்தில், தாடைக்குச் சற்று மேலே வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். கை சும்மா பிடித்துக்கொண்டிருக்க, முகம்தான் அழுத்துகிறது. "ம்ஹூம், கல்லு மாதிரி இருக்கு" என்று ஒன்றை மூட்டையில் எறிகிறார். அடுத்தது பஞ்சு போல இறங்குகிறது. அது சட்டைப் பைக்குப் போகிறது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் குடியிருப்புக்காரர்கள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, லிஃப்ட் இன்றைக்கு ஓடாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஓடிவிடும். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கம்பெனியில் அவருக்குப் 'பொத்தான்' என்று பெயர். நடந்தால் பை கலகலக்கும். "என்ன பொத்தான், இன்னிக்கு எந்த மாடியத் தூக்கிட்டுப் போறே?" என்று சூப்பர்வைசர் வம்புக்கு இழுத்தால், "வேணாம்னு கழட்டினதத்தானே சார் எடுக்கறேன்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். எதற்கென்று சொல்லமாட்டார். அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

அக்கா அவர் வீட்டின் முன்னறையில் படுத்திருக்கிறாள். ஒரு பெரிய கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் அவள் விரல்களுக்கு முன்னால் வரிசை தாங்காது. ஒருநாள் மெல்லிய பிளாஸ்டிக் பையின் வாயைப் பிரிக்க முடியாமல் நின்றாள். விரலை நனைத்துப் பார்த்தாள், வாயால் ஊதிப் பார்த்தாள். வாங்க வந்தவரே பிடுங்கிப் பிரித்துக்கொண்டார். நரம்பு டாக்டர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். பிறகு கை போனது, கால் போனது, நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. அதுதான் கொடுமை.

படுக்கைக்கு எதிரே பின்பக்கம் புடைத்த பழைய டிவி. அதன் கீழே அவர்கள் சின்ன வயதில் ஆடிய அதே டிவி கேம் பெட்டி. அதில் எப்போதும் ஒரே கேசட்தான் செருகியிருக்கும். குள்ளமான ஒரு தபால்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூரைமேல் ஓடுவார்; கூரைக்குக் கூரை தாவ வேண்டும், தவறினால் தெருவில் நாய். இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம், ஆளுக்கு மூன்று முறை. ஒருவர் அவுட் ஆனால்தான் மற்றவருக்கு முறை. அந்தக் காலத்தில் அக்கா அவுட் ஆவதே இல்லை. தம்பி மோவாயில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் முறை வருவதற்குள் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் கூப்பிட்டுவிடும். மூன்றாவது ஊருக்கு அப்பால் அவர் கையால் அந்தத் தபால்காரர் போனதே கிடையாது.

பழைய பெட்டிகளைத் திறந்து மாற்றியமைப்பதில் அவருக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் பையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். புது டிவியில் படம் வர வேண்டும், வேறு நாட்டுக் கேசட் ஓட வேண்டும் என்று ஆளுக்கொரு ஆசை. முட்டை அட்டையின் குழிகளில் திருகாணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, உருகும் ஈயத்தின் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காருவார். வந்தவர் பழக்கதோஷத்தில் கேசட்டின் வாயில் ஊதினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். "ஏங்க, எச்சித் துப்பாதீங்க! ஊதி ஊதியே எல்லாத்தையும் துருப்பிடிக்க வச்சுட்டீங்க" என்று பிடுங்கி, பஞ்சால் துடைத்துத் தருவார். பழைய பெட்டிமேல் ஏன் இத்தனை பாசம் என்று கேட்டால், "பழசுல ஒரு பொத்தானுக்கு ஒரு கம்பிங்க. அதப் புடிச்சு எங்க வேணா இழுத்துட்டுப் போலாம்" என்பார்.

அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனார். அக்காவின் கட்டைவிரல் ஓய்ந்தபோது, தாவும் பொத்தானின் கம்பியை நீட்டி, லிஃப்ட் பொத்தான் ஒன்றில் கோத்து மேஜையில் பதித்தார்; அவள் முஷ்டியால் குத்தி ஆடினாள். முஷ்டி எழாதபோது கம்பி காலடிக்குப் போனது. ஓடுவதற்குத் தனிப் பொத்தான் வேண்டாம் என்று அதை நிரந்தரமாக இணைத்துவிட்டார். தபால்காரர் தானாகவே ஓடிக்கொண்டிருப்பார், தாவுவது மட்டும் அக்கா பாடு. காலும் போனபின் முழங்கை, அதன்பின் தோள். இப்போது மேஜை விளக்கின் வளையும் தண்டு ஒன்றில் பொத்தானைக் கட்டி, அவள் இடது கன்னத்தை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். அந்தக் கன்னத்தில்தான் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

அக்காவுக்கு உதவாமல் போனவற்றை அவர் எறிவதில்லை. கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. முஷ்டிக்குச் செய்தது, பாதத்துக்குச் செய்தது, தோள்பட்டைக்கு வார் வைத்துத் தைத்தது. "இத எதுக்குங்க இன்னும் வச்சிருக்கீங்க? பெருக்கும்போதெல்லாம் இடிக்குது" என்று மனைவி கேட்டால் காதில் வாங்காத மாதிரி இருந்துவிடுவார். அந்தப் பெட்டியில் இருப்பதெல்லாம் அக்காவால் இனி முடியாதவை. அவர் கைவேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒவ்வொன்றும் அந்தப் பெட்டியில் போய் விழப் போவதுதான் என்று தெரிந்துகொண்டே செய்கிறார். ஒரு மனிதனுக்கு இதைவிடக் கேவலமான வேலை வாய்க்க முடியாது.

ஆட்டத்தில் அக்கா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. விட்டுக்கொடுக்கக் கூடாது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அவளுக்குக் காதும் போய்விட்டது போல் கத்திப் பேசுவார்கள், "மொகம் தெளிஞ்சிருக்கே!" என்று பூசி மெழுகுவார்கள். டாக்டர் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, தம்பியை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் வேறொன்றைச் சொல்வார். எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தபால்காரர் மட்டும் யாருக்காகவும் நிற்கமாட்டார். தாவினால் தாவியது, தப்பினால் தப்பியது.

போன மழைக்காலத்தில் கன்னமும் தாமதிக்க ஆரம்பித்தது. கூரை விளிம்பு வந்தபின்தான் பொத்தான் இறங்கியது. அக்கா ஒவ்வொரு முறையும் இரண்டாவது ஊரிலேயே தெருவில் விழுந்தாள். அவருக்குப் பயமாகிவிட்டது. கன்னத்துக்கு அப்புறம் கம்பியை இழுத்துக்கொண்டு போக இடம் இல்லை. எத்தனை பொத்தான்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தும் அதைவிட மெத்தென்று ஒன்று கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்தத் திருட்டு வேலையைச் செய்தார்.

அந்தப் பெட்டி நொடிக்கு அறுபது முறை படம் மாற்றும். உள்ளே ஒரு சிப்பின் கம்பிக்கால் ஒன்றை மட்டும் நிமிர்த்தி ஒரு சுவிட்சில் கோத்தால், ஐம்பது முறையாகக் குறைத்துவிடலாம். ஆட்டம் முழுவதும் அதே அளவுக்கு மெதுவாகும். இதே சுவிட்சை ஊராருக்கு எத்தனையோ முறை வேகத்துக்காகப் போட்டுக் கொடுத்தவர், தன் வீட்டில் மெதுவாக்கப் போட்டார். அக்காவைக் குளிப்பாட்ட உள்ளே கொண்டுபோயிருந்த நேரத்தில் வேலை முடிந்தது. ஐம்பதில் படம் குறுகி மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். டிவியின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிப் படத்தை இழுத்து அதையும் மறைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா மூன்றாவது ஊரைத் தாண்டினாள். நான்காவதையும் பிடித்துவிட்டாள். வெகுநாளுக்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து சிரிப்பு வந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. சூப்பர்வைசரிடமே, "சார், எங்க அக்கா நாலாவது ஊருக்குப் போயிட்டா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எந்த ஊர், எந்த அக்கா என்று தெரியாமலேயே சூப்பர்வைசர், "நல்லபடியா போய்ச் சேர்ந்தாங்களா?" என்றார்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் மாலை ஆட்டத்தின் நடுவில் அக்கா கேட்டாள். அவள் குழறலை அவரும் மனைவியும்தான் புரிந்துகொள்வார்கள்.

"பாட்டு ஏண்டா இழுக்குது?"

படத்தை மறைத்தவர் பாட்டை மறந்துவிட்டார். தபால்காரர் ஓடும்போது விடாமல் ஒலிக்கும் அந்தச் சின்ன மெட்டை முப்பது வருஷமாகக் காதில் வைத்திருப்பவள் அவள்.

"டிவி பழசாச்சுல்லக்கா. ஸ்பீக்கர் போயிருக்கும்" என்றார்.

அவள் கண் திரைக்குத் திரும்பியது. அவரும் தப்பித்தோம் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பியபோது அக்காவின் தலையணையில் மனைவியின் போன் இருந்தது. யாரோ பதிந்து போட்டிருந்த அதே மெட்டு அதில் துள்ளிக்கொண்டு ஓடியது. எதிரே டிவியில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி கேட்டாங்க, நான் தேடிக் குடுத்தேன். எனக்கென்னங்க தெரியும்?" என்று மனைவி மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நீயுமாடா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா... உனக்குக் கொஞ்சம் சௌகரியமா இருக்கட்டுமேன்னு..."

"இது ஒண்ணுதான்டா எங்கிட்டப் பொய் சொல்லாம இருந்துச்சு." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "கழட்டு. எனக்கு முன்னாடியே கழட்டு."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். சுவிட்சைப் பிடுங்கினார். நிமிர்த்திய சிப்பின் காலைத் திரும்ப வளைத்து அதன் இடத்தில் பற்றவைத்தார். டிவியின் திருகையும் பழையபடி வைத்தார். அக்கா இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தைத் தொடக்கிவிட்டு தான் கையால் ஆடுவதற்கான இரண்டாவது கட்டுப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மெட்டு சரியான வேகத்தில் துள்ளியது.

முதல் கூரை முடிந்தது. அவள் கன்னம் அசைந்தது. பொத்தான் இறங்குவதற்குள் தபால்காரர் தெருவில் கிடந்தார்.

இரண்டாவது ஊரில் விழுந்துகொண்டிருந்தவளால் இப்போது முதல் ஊரின் முதல் கூரையைக்கூடத் தாண்ட முடியவில்லை. மெதுவான அந்த வாரங்களில் கன்னம் எவ்வளவு போயிருந்தது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் சுவிட்சைப் போட்டு மறைத்தது வேகத்தை மட்டும் இல்லை. வராந்தாவில் டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுத் தாங்கிக்கொண்டவருக்கு இது தாங்கவில்லை.

அடுத்து அவர் முறை. முதல் கூரையிலேயே விரலை எடுத்துக்கொண்டார், தபால்காரர் விழுந்தார். அக்காவுக்கு மறுபடி முறை வந்தது. அவள் விழுந்தாள். திரும்ப அவர் வேண்டுமென்றே விழுந்தார்.

"டேய்." குரல் பழைய அதட்டலோடு வந்தது. "ஏமாத்தாத. ஆடு."

"நான் ஆடினா நீ பாத்துக்கிட்டு மட்டும்தானே இருக்கணும்க்கா."

"எனக்கு மிச்சம் இருக்கிறது அதுதான். ஒழுங்கா ஆடு."

அக்கா தன் கடைசி முறையில் விழுந்து முடித்தாள். அதன்பின் திரை அவருக்கு மட்டும் ஆனது. ஆடினார். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தாவியதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எந்தக் கூரை எங்கே முடியும் என்று அவருக்கு மனப்பாடம். முதல் ஊர் போனது, இரண்டாவது போனது. "இப்ப" என்றாள் அக்கா, ஒரு விளிம்பில். தாவினார். "இப்ப." தாவினார். மூன்றாவது ஊரும் பின்னால் போய், அவர் கை அறியாத கூரைகள் வர ஆரம்பித்தன. அவள் குரல் ஒவ்வொரு விளிம்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தியது. அவள் சொல்லும்போது அவர் ஏற்கெனவே தாவியிருந்தார். அவளும் அதைக் கவனித்துவிட்டுச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். மெட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திரை கலங்கியது. ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. இரண்டு கையும் பிடித்தபடியே இருக்க, சட்டைத் தோளில் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு அடுத்த கூரைக்குத் தாவினார்.