பத்தாம் திருவிழாவுக்குப் போன நாள்

புதிய கோச் வந்த வருடம், மண்டலப் போட்டிக்குப் போகும் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவனாக வேண்டும் என்று தவம் கிடந்தேன். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு முயலலாம். எங்கள் வீட்டில் படித்தவன் நான் மட்டும்தான்.

எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில், மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாளான பத்தாம் திருவிழா அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. வெளியூரில் இருப்பவர்களும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அன்று பயிற்சி இருந்ததால் கோச்சிடம் விடுப்புக் கேட்டேன். கேப்டனும் பக்கத்தில் நின்றான்.

“திருவிழாதானடே, போயிட்டு வா. எழுதியெல்லாம் தர வேண்டாம்,” என்றார் கோச்.

“இறைச்சிக்கறி இல்லாம வந்தா காலை ஒடிச்சிருவேன், பாத்துக்கோ மக்கா,” என்றான் கேப்டன். அம்மா அவனுக்கென்றே ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தனுப்பினாள்.

வாரக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். என் இடத்தில், கோச் புதிதாகச் சேர்த்த ஒரு பையனின் பெயர் இருந்தது. சொல்லாமல் பயிற்சிக்கு வராதவனுக்கு இடமில்லை என்றார்.

“சார், நீங்கதானே போகச் சொன்னீங்க?”

“நானா? எப்போ?”

கேப்டனைப் பார்த்தேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, “எனக்கு ஞாபகமில்ல சார்,” என்றான்.

கோச் நேற்று வந்தவர். இவன் மூன்று வருடமாக என்னோடு ஆடியவன்.

மறுநாள் வகுப்பு வாசலில், கழுவித் துடைத்த தூக்குவாளியை நீட்டினான்.

“அம்மாட்ட சொல்லு மக்கா, கறி அருமையா இருந்துது.”

வாங்கிக்கொண்டேன். பட்டியலைப் பற்றி அம்மாவிடம் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. அவன் கறியைப் பாராட்டியதை இன்னும் சொல்லவில்லை.