கர்ப்பப்பைக்குக் காவல்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம். கொழும்பில் மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து, களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு மீனவரின் மனைவி நான்காவது பிரசவத்தில் இரத்தம் கொட்டிச் செத்துப் பிழைத்தாள். இன்னொரு பிள்ளை தரித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் மணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே காவல் முழுவதும் பெண்ணின் தாயின் கையில். குழந்தை பால் மறந்து, மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரத் தொடங்கியதும் அவர் தம் முறையை ஆரம்பித்தார். தலைமுழுகியதிலிருந்து ஒரு கிழமை, ஏழு இரவும், மகள் அவருடைய பாயில். "மறுகா கர்ப்பப்பை வாய் மூடிரும், புள்ள. பயமில்ல" என்று அதன்பின் கணவனிடம் அனுப்பிவிடுவார்.

மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி இரத்தத்தில் விடும் ஓமோன் சூலகத்தைத் தூண்டி, முட்டை வெளியே வருவது பெரும்பாலும் இரண்டு விலக்குகளுக்கு நடுவில்தான். இவர் காவலை எடுப்பதும் சரியாக அப்போதுதான்!

சொன்னேன். படம் கீறிக் காட்டினேன். அதட்டியும் பார்த்தேன்.

"கலியாணம் முடிக்காத குமருக்கு இதெல்லாம் என்னகா தெரியும்?"

"மூணாவதுக்குப் பிறகும் இதே காவல்தானே? நாலாவது எப்படி வந்த?"

"அது கடவுள் தந்த."

மகள் தாய்க்கு எதிரே வாய் திறக்கமாட்டாள். மாமியார் மருமகனோடு நேரே பேசும் வழக்கமில்லை. பொறுமை இழந்து, வேலியோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவள் கணவரிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழு நிச்சயமில்லை, நாள் முன்பின் ஆகலாம், அதனால் நடுவில் இரண்டு கிழமையாவது விலகியிருங்கள் என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லியே, மிஸ்ஸி. உசிர் போற காரியமெண்டா நான் மாங்கேணி மீன்வாடியில போய்க் கிடக்கமாட்டனா?"

சொன்னபடியே வாடிக்குப் போனார். "வெக்கங்கெட்டவள்" என்று மாமியார் என்னைத் திட்டியது ஊருக்கே கேட்டது. அந்த மாதம் முடியும்வரை நான் நாட்காட்டியில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை அதே தாய் மூச்சிரைக்க வந்தார்.

"மகளுக்கு வந்திட்டு, புள்ள! அம்மனுக்கு நேந்தது வீண்போகல்ல!"

பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம்" என்றேன். புகழ் அம்மனுக்கே போகட்டும். ஆனால் உயிர் காக்கும் செய்தியை உரியவரிடம் சொல்ல ஒரு வீடே கூசும்போது, அந்தக் கூச்சத்தை முதலில் நான்தான் உதற வேண்டும் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.