கடைசி ரீடிங்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவள் வந்து சேரும்வரை அது உண்மையாகவும்தான் இருந்தது.

சரவணம்பட்டியில் நூற்பாலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பதினோரு வருடமாக அங்கே இருக்கிறேன். மில் சம்பந்தமாக எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். அதனால் எல்லோருக்கும் நான் மில்லக்கா. என் சொந்தப் பெயர் மேனேஜருக்கே மறந்திருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

மில்லின் லேபில் நூலைச் சோதிக்கும் மிஷின் ஒன்று உண்டு. நூல் எவ்வளவு சீராக இருக்கிறது என்று பார்த்து, முடிவை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாக அனுப்பிவைக்கும். அதில் ஒவ்வொரு விவரமும் டேக் என்கிற ஒரு பெயர்ச்சீட்டுக்குள் இருக்கும். எந்தத் தொகுதி நூல் என்று சொல்லும் லாட் நம்பர் ஒரு டேக்கில், அதை நூற்ற கதிரின் ஸ்பிண்டில் நம்பர் இன்னொன்றில், சோதனை அளவான ரீடிங் வேறொன்றில். ஒவ்வொன்றாகப் பிரித்து, எங்கள் ஜாவா புரோகிராமின் ஆப்ஜெக்டில் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். பிறகுதான் அந்த லாட் தேறியதா இல்லையா என்று புரோகிராம் சொல்லும். இந்தப் பிரிக்கிற வேலைக்காக நான் கையால் எழுதியது ஆயிரத்துச் சொச்சம் வரி. மகனுக்கு அம்மை போட்டிருந்த வாரத்தில்கூட உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

அவள் அன்னூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். இருபத்து நான்கு வயது. சேர்ந்த இரண்டாவது மாதம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, இதை அனொடேஷன் போட்டுச் செஞ்சா சுலுவா முடிஞ்சுருமுங்களே?"

மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "செஞ்சுதான் பாரு கண்ணு" என்றேன், இவளாவது செய்வதாவது என்ற நினைப்பில்.

மறுநாள் மத்தியானமே முடித்துவிட்டாள். ஒரு கிளாஸ், அதற்குள் லாட், ஸ்பிண்டில், ரீடிங் என்று ஃபீல்டுகள், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஒவ்வொரு ஃபீல்டின் தலைக்கு மேலும் ஒற்றை வரி அனொடேஷன்: இந்த டேக்கில் இருப்பது இங்கே வரட்டும். அவ்வளவுதான்! திறப்பது, பிரிப்பது, எழுத்தை எண்ணாக மாற்றுவது எல்லாவற்றையும் யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த லைப்ரரி புரோகிராம் பார்த்துக்கொள்ளும். என் ஆயிரம் வரி அவளிடம் இரண்டு பக்கம் ஆகிவிட்டது.

"இத்தனை வருசமா இதை எதுக்குங்க மில்லக்கா சொமந்துட்டு இருந்தோம்?" என்று மேனேஜர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். "இந்த மில்லுல நல்லபடியா ஓடுச்சுன்னா, மத்த மில்லையும் பாப்பாகிட்டயே குடுத்தர்லாமுங்க. நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார் அடுத்தபடியாக. மில் இல்லாத மில்லக்காவுக்கு அந்த அலுவலகத்தில் என்ன வேலை?

அன்றிலிருந்து அவள் எது செய்தாலும் எனக்கு ஆகவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தால் நான்கு பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கொள்ளுப் பருப்புக்கு என்ன அவ்வளவு கூட்டம்? அவள் தலைமுடி நீளம் என்பதுகூட என்னை ஏதோ ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது. வீட்டுக்குப் போய் அவள் எழுதிய புரோகிராமைத் திறந்துவைத்துக்கொண்டு குற்றம் தேடினேன். நன்றாக எழுதியிருந்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யார மொறைக்கறே?" என்றார். "யாரையுமில்ல, போங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் எழுதியதைச் சரிபார்த்து அப்ரூவ் செய்ய வேண்டியவளும் நானே. அங்கேதான் என் கண்ணில் அது பட்டது. ரீடிங்குக்கு அவள் ஒரே ஒரு இடம்தான் வைத்திருந்தாள்.

அந்த மில்லின் லேபில் ஒரு பழக்கம் உண்டு. முன்பு மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ரீடிங் மோசமாக வந்தால் லேப் இன்சார்ஜ், "இன்னொருக்கா ஓட்டிப்போடு அம்மணி" என்பார். அதே நூலை மறுபடி ஓட்டுவார்கள். நல்லதாக ஒன்று வரும்வரை ஓட்டுவார்கள். மிஷின் புது ரிப்போர்ட் போடாது. அதே ரிப்போர்ட்டில் கீழே இன்னொரு ரீடிங் சேர்த்துக்கொண்டே போகும். நான் எல்லா ரீடிங்கையும் எடுத்து, ஒன்று கெட்டிருந்தாலும் லாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தேன். அவளுடையதில் ஒன்றுக்கு மேல் வந்தால் கடைசியாக வந்தது மட்டும்தான் மிஞ்சும். அதாவது தேறிய ரீடிங். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குக் கொடுத்த மாதிரி ஃபைல்கள் எல்லாவற்றிலும் ஒரே ரீடிங்தான் இருந்தது.

சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் யாரிடமோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. படட்டும் என்று நினைத்தேன். அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன். அப்ரூவ் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று வாரமும் மில்லிலிருந்து ஃபோன் வந்தால் முதலில் பாய்ந்து எடுத்தவள் நான்தான். நான்காவது வாரம் அந்த ஃபோன் வந்தது. அந்த நூலை வாங்கிய திருப்பூர்க்காரர் பனியன் துணி பின்னி கருநீலச் சாயம் போட்டிருக்கிறார். துணி முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரிகிறது. மோசமான லாட் எப்படித் தேறியது என்று மில்காரர்கள் கொதித்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? முதல் அரைமணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காரணம் தேடி அவள் என் பழைய புரோகிராமைத் திறந்திருக்கிறாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, என் பக்கம் திருப்பி வைத்தாள். ரீடிங் எடுக்கிற இடத்துக்கு மேல் என்றைக்கோ நான் எழுதிவைத்த குறிப்பு: லேபில் இரண்டு மூன்று தடவை ஓட்டுவார்கள், கடைசியை மட்டும் எடுக்காதே.

"இது உங்களுக்குத் தெரியுமுங்களாக்கா?" யாருக்கும் கேட்காத குரலில்தான் கேட்டாள்.

"எப்பவோ எழுதுனது கண்ணு. மறந்தே போச்சு."

என் முகத்தைப் பார்த்தாள். "செரிங்க்கா" என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு போனாள்.

மீட்டிங்கில் மேனேஜர் கத்தினார். "இதை ஒருத்தருமா பாக்கல?" என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் எழுந்து, "நான் லேபுக்குப் போயி பாத்துருக்கோணுமுங்க சார். என்ற தப்புத்தானுங்க" என்றாள். அடுத்த வார்த்தை என் பெயராக இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

அவளை வேறு டீமுக்கு மாற்றினார்கள். மில் திரும்ப என்னிடம் வந்தது.

முதல் வேலையாக அவளுடையதைத் தூக்கிவிட்டு என் ஆயிரம் வரியைத் திரும்பப் போட்டுவிடுவது என்று மறுநாள் காலை கை அரிக்க உட்கார்ந்தேன். ஃபைலைத் திறந்தேன். போவதற்கு முன்பே அவள் சரிசெய்துவிட்டிருந்தாள். ஒற்றை இடமாக இருந்த ரீடிங்கை, எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்ளும் லிஸ்ட் ஆக்கியிருந்தாள். மாற்றியது ஒரே வரி. நான் நேரத்தோடு சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. அனொடேஷனுக்கு மேல் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: எல்லா ரீடிங்கையும் எடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தது மில்லக்கா.

அந்த ஃபைலை அழிக்க எனக்கு உரிமை இருக்கிறது. இரண்டு முறை கை வைத்தும் பார்த்துவிட்டேன். இன்று காலை இன்னொரு மில்லுக்காக அதைத்தான் காப்பி எடுத்தேன், அந்தக் குறிப்போடு சேர்த்து.