தொலைக்காட்சி இல்லாத வீடுகள்

சென்ற வாரம் ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏதோ கணக்கெடுப்பு நிறுவனமாம். இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா என்று கேட்டாள். கொழும்பில் குளிரூட்டிய அறையிலிருந்து வருகிற, வியர்வை படாத குரல். உங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல. தும்மல் வருவதுபோல வந்துவிட்டது. எதிர்க் கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஒருமுறை என்னைப் பார்த்தாள், ஒருமுறை தொலைக்காட்சியைப் பார்த்தாள், பிறகு சத்தத்தைக் குறைத்தாள். அவள் புத்தளத்துப் பெண். காரணம் கேட்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்குக் கருவாட்டில் இருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் நான் கற்பிட்டி வீதியில் ஒரு கருவாட்டு மொத்த வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கருவாட்டுக் கடையில் வேலை செய்பவனுக்கு ஒரு வசதி உண்டு: பஸ்ஸில் பக்கத்து ஆசனம் எப்போதும் காலியாக இருக்கும். சவர்க்காரத்தை மாற்றிப் பார்த்தேன், அத்தர் பூசிப் பார்த்தேன். அத்தர் பூசிய பிறகு பின் ஆசனமும் காலியாயிற்று. தொழிலை மாற்றுவதுதான் வழி என்று தோன்றியது. யுத்தம் முடிந்து ஓரிரு வருடமாகியிருந்த நேரம். எல்லாரும் ஏதோ ஒன்றைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். கணினி, ஆங்கிலம், கேக் அலங்காரம். நான் ஊடகவியல் டிப்ளோமாவில் சேர்ந்தேன். நிருபர்களுக்கு வாசனை இராது என்பது என் எண்ணம்.

புத்தளம் நகரில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை வகுப்பு. கீழே தகரம் வெட்டுவார்கள். மேலே வெகுசனத் தொடர்பாடல் நடக்கும். கொழும்பிலிருந்து குணசீலன் சேர் பஸ் பிடித்து வருவார். மெலிந்த, சிரிக்காத மனிதர். ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு பக்கமும் அவர் பொறுப்பில் இருந்தது. ஊடகம் ஒரு ஊசியைப் போலத் தன் கருத்தைச் சமூகத்துக்குள் ஏற்றிவிடுகிறது என்று பழைய காலத்துக் கொள்கை ஒன்றை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த நிஸ்தார் எழும்பி, ஊசி போட வருகிறவரைக் கண்டு சமூகம் ஓடினால் என்ன செய்வது என்று கேட்டான். அது அடுத்த வாரப் பாடம் என்றார் சேர். அடுத்த வாரம் அந்தப் பாடம் வரவில்லை.

நிஸ்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ஒரு முச்சக்கர வண்டி வைத்திருந்தான். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து தாயின் இடுப்பில் இருந்து வந்தவன். இருபது வருடமாகப் புத்தளத்தில் வளர்ந்து, புத்தளத்தில் படித்து, புத்தளத்து வெயிலில் கறுத்தவன். ஆனாலும் எங்கள் ஊரார் கணக்கில் அவன் 'வந்த ஆள்'. நான் 'இருந்த ஆள்'. இருந்தது தவிர நான் வேறொன்றும் செய்திருக்கவில்லை.

இறுதிக் கட்டுரைக்குச் சேர் தந்த தலைப்பு: வெகுசன ஊடகங்களும் சமூகமும். புத்தகங்களைப் பார்த்து எழுதினால் பூச்சியம். வீடு வீடாகப் போய் ஆட்களிடம் கேட்டு எழுத வேண்டும். சிறந்த கட்டுரை அவருடைய பக்கத்தில் வரும், அதை எழுதியவருக்குப் புத்தளம் நிருபர் வேலையும் கிடைக்கும் என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்துக் காலி ஆசனத்தை நான் பொருட்படுத்தவில்லை. இனி அது சில நாட்களுக்குத்தான்.

கடலேரிக் கரையான களப்போரத்தில் நிஸ்தார் குடியிருந்த முகாமைத் தேர்ந்தெடுத்தேன். முகாம் என்பது பழைய பெயர். கூடாரங்கள் போய்த் தென்னோலைக் கிடுகு வீடாகி, கிடுகுக்குள் கல் சுவர் பாதி எழும்பி, ஒருவரின் தென்னந்தோட்டத்துக்குள் ஓர் ஊரே முளைத்திருந்தது. ஒவ்வொரு கூரைக்கும் மேலே மீன் வலைக் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய இரும்புக் குழாய், அதன் உச்சியில் அன்ரனா. கடலுக்கு அந்தப் பக்கத்து ஒளிபரப்பையும் பிடிக்க வேண்டுமென்பதால் தென்னையோடு போட்டி போடும் உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் துறைமுகத்தில் பாய்மரங்கள் நிற்பதுபோல இருக்கும். வெகுசன ஊடகத்தை ஆராய இதைவிட வாய்ப்பான இடம் உலகத்தில் இல்லை என்று நம்பினேன்.

முழுக்கைச் சட்டை போட்டு, கோப்பு ஒன்றை அக்குளில் வைத்து, பையில் இரண்டு பேனைகள் செருகிக்கொண்டு போனேன். ஆராய்ச்சியாளர் அப்படித்தான் இருப்பார் என்பது என் கற்பனை. அந்தக் கோலத்தில் அங்கே இருபது வருடமாக யார் யார் வந்து போனார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

முதல் வீடு நிஸ்தாருடையது. போன வாரம் அதே வீட்டில் இருந்துதான் நானும் அவனும் கிரிக்கெட் பார்த்தோம். அவனுடைய உம்மா எனக்கு இஞ்சிப் பிளேன்ரீ தந்து, யார் வெல்கிறார்கள் என்று இரண்டு தடவை கேட்டவர். அன்று அவர் என் அக்குளிலிருந்த கோப்பைப் பார்த்தார். உங்கள் வீட்டில் தொலைக்காட்சி உண்டா என்று நான் கேட்டதும், என் கண்ணைப் பார்த்தே இல்லை என்றார். மூலையில் சதுரமாக ஒன்று பூப்போட்ட போர்வைக்குள் இருந்தது. அதன் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் நிஸ்தாரைப் பார்த்தேன். அவன் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டே, "அது வித்துட்டோம்" என்றான்.

நிஸ்தாரும் கூட வந்தான். இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. எங்களுக்கு முன்னால் செய்தி ஓடிக்கொண்டிருந்தது: மன்னாரில் கட்டித் தரும் வீட்டுத் திட்டத்துக்குப் பதிகிறவர் வருகிறார். செய்தி ஓட, போர்வைகள் விழுந்தன. வானொலி கேட்பதில்லை, பத்திரிகை வாங்குவதில்லை. அப்படியானால் உலக விஷயங்கள் எப்படித் தெரியும் என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "எங்களுக்கு ஒண்டும் தெரியா மகன்" என்றார் பணிவாக. அவரே, நான் எழும்பும்போது, நேற்று நாடாளுமன்றத்தில் நடந்த சண்டையில் யார் யாரை எதைக்கொண்டு எறிந்தார் என்று விவரமாகச் சொன்னார்.

சரீனா ராத்தாவின் வீட்டுக்குப் போகும்போது பொழுது சாய்ந்திருந்தது. நாற்பதை அண்டிய பெண்; ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா, நானா என்றால் அண்ணன். கணவர் கலீல் நானா மன்னாரில் இருந்தார். பழைய காணியில் முளைத்த காட்டை வெட்டி, தறப்பாளுக்குக் கீழே படுத்துக்கொண்டு, வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். மகள் பள்ளியில் ஓஎல் சோதனை எழுத வேண்டுமென்பதால் ராத்தா இங்கே. எனக்குக் கதிரை போட்டுத் தானும் எதிரே ஒரு பலகையில் இருந்தார். உள்ளறையிலிருந்து ஒரு மாமியார் மருமகளை ஏசுகிற சத்தம், இடையிடையே வயலினுடன் வந்துகொண்டிருந்தது.

தொலைக்காட்சி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தச் சத்தம்? அது பக்கத்து வீடு என்றார். பக்கத்து வீட்டில் சற்று முன்புதான் இதே சத்தத்தை இது சரீனா வீடு என்று சொல்லியிருந்தார்கள். நான் எழுதிக்கொண்டேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

"உம்மா, விளம்பரம் முடிஞ்சி. தொடங்கிட்டு."

ராத்தாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பாடம் படிக்கிறா" என்றார்.

நிஸ்தார் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டான். நான் பேனையை மூடினேன். ராத்தா, நான் அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த ஆள் இல்லை, கருவாட்டுக் கடையில் வேலை, இது படிப்புக்கு என்றேன். அது வாசல் படலையை நான் திறக்கும்போதே தனக்குத் தெரியும் என்றார் அவர். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்திருக்க வேண்டும்.

பிறகுதான் கதைத்தார். இருபது வருடமாகப் பேனையோடு வந்தவர்களை அவர்கள் தரம் பிரித்து வைத்திருந்தார்கள். நடந்து வருகிறவர் பால்மாவுக்கு எழுதுவார். ஜீப்பில் வருகிறவர் ஆளை எண்ணுவார். கமராவோடு வருகிறவருக்குப் பிள்ளைகள் அழ வேண்டும். எவர் வந்தாலும், எந்தப் பொருள் இருக்கிறது என்று கேட்டால் இல்லையென்றே சொல்ல வேண்டும். ஒருமுறை மின்விசிறி இருக்கிறதென்று உண்மை சொன்ன குடும்பத்துக்கு நிவாரணம் நின்றுபோனது. இப்போது வந்திருப்பது அதைவிடப் பெரிய விஷயம். இங்கே வசதியாக நிலைத்துவிட்டவர்களுக்கு அங்கே வீடு கிடையாதாம். கிராம அதிகாரியான விதானையும் ஆட்களும் வந்து பார்ப்பார்களாம்.

"அங்க அவர் பாம்போட படுக்கிறார் தம்பி. நீங்க எழுதுற ஒரு சொல்லால அது வீணாப் போயிடக் கூடா" என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன். கேள்விகளை முடித்தேன். எந்த ஊடகத்தை அதிகம் நம்புகிறீர்கள் என்பது கடைசிக் கேள்வி. "நாங்க நம்புறது இருக்கட்டும், எங்கள யார் நம்புறாங்க எண்டு கேட்டு எழுதுங்க" என்றார். அதற்குக் கோப்பில் கட்டம் இருக்கவில்லை.

இப்போது என் கையில் இருந்ததோ ஒரு பொன்முட்டை. அன்ரனாக் காட்டுக்குக் கீழே ஒரு தொலைக்காட்சியும் இல்லாத ஊர். ஊசியைக் கண்டதும் கையை ஒளிக்கிற சமூகம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. இருந்தவற்றையெல்லாம் நான் படித்திருந்தேன். மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், கணவாய்ச் சாக்குகளுக்கு நடுவே இருந்து ஒரே மூச்சில் எழுதினேன். போர்வை, வாழைப்பழம், விளம்பரம் முடிந்தது, எல்லாம். பெயர்களை மட்டும் மாற்றினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதில் நல்ல எழுத்து அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதைச் சரிபார்க்க வழியில்லை என்பது எனக்கு வசதி.

நிஸ்தார் வந்தான். கட்டுரையைக் கொடுத்தேன். ஒரு சாக்கின் மேல் இருந்து, உதடு அசையாமல், கடைசி வரிவரை படித்தான். இரண்டு இடத்தில் சிரித்தான்.

"நல்லா இருக்கு நானா. சேர் கட்டாயம் பேப்பர்ல போடுவார்."

"ஓம், போடுவார்."

"கச்சேரியில பேப்பர் எடுக்கிறாங்க."

அவன் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டி நேராக்கித் திருப்பித் தந்தான். "எங்கட ஆக்களுக்கு வீடு கிடைக்காது. ஆனா கட்டுரை நல்லம்" என்றான். கோபமில்லை. வாடகை ஓட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சற்று நேரத்தில் ஒரு பெண் அரைக் கிலோ கீரிக் கருவாடு சில்லறையாகக் கேட்டு வந்தார். சுற்றிக் கொடுக்கப் பழைய பத்திரிகை முடிந்திருந்தது. கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்கள் அவரோடு போயின. மிச்சத்தை அன்று பின்னேரம் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். என் ஆராய்ச்சி சமூகத்தைச் சென்றடைந்த விதம் அது.

சேருக்கு வேறொன்று எழுதினேன். இந்தப் பகுதி மக்களிடம் தொலைக்காட்சி இல்லை, வானொலி இல்லை, ஆகவே ஊடகத்தின் தாக்கம் இல்லை. சுருக்கமான கட்டுரை. சேர் அதை வகுப்பிலேயே படித்தார். அவர் வருகிற பஸ் அந்த முகாமைத் தொட்டுக்கொண்டுதான் வரும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப அந்தக் குழாயெல்லாம் என்ன?"

"உடுப்புக் காயப்போட, சேர்."

"அவ்வளவு உயரத்திலயா?"

"மேல காத்து நல்லம், சேர்."

கீழே தகரம் வெட்டினார்கள். நிஸ்தார் தன் கொப்பியில் தலைப்புக்குக் கீழே கோடு போட்டான். ஏற்கெனவே போட்ட கோட்டுக்கு மேலேயே போட்டான். பிறகு சேர் சித்தியடையும் ஆகக் குறைந்த புள்ளியை எழுதிக் கையெழுத்திட்டார். நிருபர் வேலை, ஊடகமும் இளைஞரும் பற்றி எழுதிய ஒரு சிலாபத்துப் பையனுக்குப் போயிற்று. அவன் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருந்தான். நான் கருவாட்டிலேயே தங்கினேன். பிறகு கடை என் பெயருக்கே வந்தது. பஸ்ஸில் இப்போதும் வசதியாகத்தான் போகிறேன்.

கலீல் நானாவுக்கு மன்னாரில் வீடு கிடைத்தது. மகள் சோதனை எழுதி முடித்ததும், அலுமாரி, கட்டில், கோழிக்கூடு எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஒரு பொதி கட்டாக் கருவாடு கொடுத்தேன். அங்கே கடல் பக்கம்தானே, கருவாடு எதற்கு என்றார் ராத்தா. வாங்கிக்கொண்டார். நிஸ்தார் பிற்பாடு கத்தாருக்குப் போய்விட்டான்.

பல வருடத்துக்குப் பிறகு சரக்கு எடுக்க மன்னார்ப் பக்கம் போனபோது, ஊரைக் கேட்டு விசாரித்து அந்த வீட்டுக்குப் போனேன். ஒரே அச்சில் வார்த்த வீடுகளின் வரிசை. ஆள் இல்லாத வீட்டைத் திருப்பி எடுக்கிறார்களாம் என்று வழியில் கேள்விப்பட்டிருந்தேன். கலீல் நானாவின் பெயர் சுவரில் இருந்தது. கதவில் பூட்டு, பூட்டில் துரு, வாசற்படியில் முழங்கால் உயரத்துக்குப் புல். பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து நின்றார். சரீனா ராத்தா இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கிறாங்க. கடைக்குப் போன."

"கலீல் நானா?"

"அவரும் கடைக்குத்தான்."

மகளைக் கேட்டேன். பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்றார். அந்தப் பிள்ளைக்கு அப்போது இருபத்தைந்து வயதாவது இருக்கும். எப்போது வருவார்கள் என்று நான் கேட்க முதலே, "இப்ப வந்துடுவாங்க. இங்கதான் இருக்கிறாங்க" என்றார் அந்தப் பெண், என் கண்ணைப் பார்த்தபடி. ஓம், சரி என்று சொல்லித் திரும்பினேன்.

புத்தளம் வந்ததும் களப்போரத்துக்குப் போய்ப் பார்த்தேன். காணிக்காரர் வீடுகளை அகற்றிப் புதுத் தென்னங்கன்று வைத்திருந்தார். ஓரத்தில் மிஞ்சியிருந்த நாலைந்து வீடுகளில் ஒன்றில் சரீனா ராத்தாவை விசாரித்தேன். அவர்கள் மன்னாருக்குப் போய் எத்தனையோ வருடம், வீடு கிடைத்து நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள். உள்ளே தெரிந்த குரலில் ஒரு பெண் இருமிக் கேட்டது.

நான் இன்னொரு தடவை கேட்கவில்லை.