பாடு கேட்டவள்

என் மனைவி சரித்திர நாவல்கள் எழுதுகிறாள். பேரப்பிள்ளைகள் வந்த பிறகுதான் எழுதத் தொடங்கினாள். அவள் கதைகள் எல்லாமே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில் நடப்பவை. அவற்றில் ஒரு நாவலின் உயிரான வரியை, அவளுக்குத் தெரியாமல் நான் மாற்றினேன்.

காலையில் மீன் ஆய்ந்து குழம்பு கூட்டி அடுப்பில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையின் மூலையில் எழுத உட்காருவாள். தாளெல்லாம் மடவை மீன் வாடை அடிக்கும். நான் கேலி செய்தால், "டச்சுக்காரன் மட்டும் இன்னா, சந்தனம் பூசிக்கினா வந்தான்?" என்பாள். பாத்திரங்கள் பேசுவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். கவர்னரும் அவனுக்கு மொழிபெயர்க்கும் துபாஷியும் எங்கள் சமையலறையில் சண்டை போடுவார்கள். நடுவில் குக்கர் கத்தும்.

ஒருநாள் பேத்தி வந்து கேட்டாள்.

"ஆயா, அந்த கவர்னர் செத்துட்டானா?"

"இன்னும் இல்லடி. கொழம்ப எறக்கிட்டு சாவடிக்கிறேன்."

அவள் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். நான் மீஞ்சூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒற்றெழுத்துப் பிழை பார்ப்பதும் மெய்ப்புத் திருத்துவதும் என் வேலை என்று எங்களுக்குள் ஏற்பாடு. நான் 'க்' போட்டால் போட்ட இடத்தில் இருக்கும். அவள் கேள்வி கேட்டதில்லை.

அந்த நாவலில், கோட்டைக்குப்பத்து மீனவன் ஒருவனை டச்சுக் கப்பலுக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவன் திரும்பவில்லை. ஆண்கள் மட்டும் உட்காரும் ஊர்க்கூட்டத்துக்கு அவன் மனைவி வந்து நின்று சொல்கிறாள்: "எம் புருசன் பாடு எனக்கு வேணும்."

பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த முறைக்குப் பெயர் பாடு. அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. பாடு உள்ளவனுக்கு ஏரியில் இடம் உண்டு. இல்லாதவன் கரையில் நின்று பார்க்கலாம். ஒரு பெண் எழுந்து நின்று அதைக் கேட்டாள் என்பதற்காகத்தான் என் மனைவி அந்த நாவலையே எழுதினாள்.

கடைசி மெய்ப்பு வந்தபோது அவள் ஆரம்பாக்கத்தில், மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். நான் அந்த வரியை இப்படி மாற்றினேன்: "என் கணவன் பட்ட பாட்டில் எனக்கும் பங்கு வேண்டும்." பாடு என்ற சொல் அப்படியே இருந்தது. ஆனால் வலை போடும் உரிமை போய், துயரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

புத்தகம் வந்தது. எல்லோரும் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். ஒரு கல்லூரி விழாவில் மாணவி ஒருத்தி அதை மேடையில் வாசித்துக் கண் கலங்கினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் மனைவி அந்த மேடையில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் முன் வரிசையில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"அந்த வரிய மாத்துனது நீங்களா?"

"பாடுன்னா கஷ்டம்னு நெனச்சுட்டேன். சரியா புரியல."

"உங்களுக்கா புரியல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் தம்பி கோட்டைக்குப்பத்திலிருந்து நண்டு கொண்டுவந்தான். புத்தகத்தை அவன் பெண்சாதி அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"மாமா, அக்கா எழுதுன பொம்பள பாடு கேக்கத்தானே வந்தா? ஏன் அழுதுட்டுப் பூட்டா? அழுவுறதுக்கு எதுக்கு ஊர கூட்டணும், ஊட்லயே அழுவலாமே!"

என் மனைவி சிரித்தாள். என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

எனக்குப் புரியாமல் இல்லை. என் நைனா ரயில்வே வேலைக்குப் போனபோது எங்கள் வீட்டுப் பாடு போனது. கல்யாணத்தின்போது மச்சினன்மார்கள் என்னை "பாடு இல்லாத மாப்ள" என்று கிண்டல் செய்தார்கள். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்; மறக்கவில்லை. எனக்கு இல்லாத ஒன்றை, அவள் கதையில் ஒரு பெண் அத்தனை பேர் முன்னால் நின்று கேட்கிறாள். அவள் கேட்பதைவிட அழுவது எனக்கு வசதியாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். இலக்கிய நயம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் எழுதியது எதுவும் என் கைக்கு வரவில்லை. தம்பி பெண்சாதியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நான் கேட்கவும் இல்லை. அவள் உரக்கப் பேசிப் பார்ப்பது எனக்குக் கேட்கும். நான் அறைக்குள் நுழைந்தால் முணுமுணுப்பாகிவிடும்.

போன தையில் பதிப்பாளர் கூப்பிட்டார். இரண்டாம் பதிப்பு போடுகிறாராம், திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"திருத்தம் எல்லாம் இவருதான். இவரையே கேளுங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்த வரியைப் பழையபடி போட வேண்டும் என்றேன்.

"சார், அந்த வரிக்காகத்தானே புத்தகம் ஓடுது!"

"அது அவங்க எழுதுன வரி இல்லைங்க. அர்த்தம் தெரிஞ்சேதான் நான் மாத்தினேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பதிப்பாளர், பாடு என்றால் யாருக்குப் புரியும், கீழே குறிப்பு போடலாமா என்று கேட்டார். நான் சத்தமாக அவளிடம் கேட்டேன்.

"வேணாம்," என்றாள் உள்ளிருந்து. "ரெண்டு பக்கம் முன்னாடியே சொல்லியிருக்கேன். படிக்கச் சொல்லுங்க."

என்னிடம் அவள் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்ல வேண்டிய சிரமம் அவளுக்கு வரும். சென்ற வாரம் புது நாவலின் தாள்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

"பக்க நம்பர் மட்டும் போடுங்க."

மேல் மூலையை மட்டும் பார்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.