பள்ளத்தில் இறங்கிய பேருந்து

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் பிள்ளைகள் எல்லாம் இன்ஜினீயரிங், நர்சிங் என்று கிளம்பிய ஆண்டில் நான் கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்கும் கேம்ஸ் டெவலப்மென்ட் படிக்கச் சேர்ந்தேன். கீழ்வீட்டு ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பி.டி. டீச்சர் வேலைக்கா கண்ணு? இவ்ளோ ஒல்லியா இருக்கியே, ஓடுவியா?" அப்பா தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர்களிடம் "கம்ப்யூட்டர் படிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் டீ குடிக்கப் போய்விடுவார்.

பல்கலைக்கழகம் பூந்தமல்லி பக்கம். அதன் விளம்பரப் பலகையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் முகத்தை மூடும் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான். அதே கண்ணாடி எங்கள் ஆய்வகத்திலும் இருந்தது, அலமாரிக்குள் பூட்டப்பட்டு. சாவி துறைத்தலைவரிடம். பல வருடம் கணக்கு நடத்திய மனிதர். எங்கள் துறைக்கு ஆள் கிடைக்காததால் தலைவரானார். தன் வாழ்க்கையில் ஒரு கேம்கூட ஆடியதில்லை என்பதை நன்னடத்தைச் சான்றிதழ் போல முதல் வகுப்பிலேயே அறிவித்தார். ஆய்வகக் கதவில் 'உள்ளே கேம் விளையாடக் கூடாது' என்று ஒட்டிவைத்தவரும் அவர்தான். நாங்கள் செய்ததை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பார்.

"என்னம்மா, விளையாட்டா?"

"டெஸ்ட் பண்றோம் சார்."

"பண்ணுங்க. சிரிக்காம பண்ணுங்க."

கடைசி வருட புராஜெக்டில் எனக்குக் கூட்டாளி கள்ளிக்குப்பத்துப் பையன் ஒருவன். அவன் புரோகிராம் எழுதுவான், நான் படம் வரைவேன். கொரட்டூர் ஏரிக்கரையில் ஒரு பேய்க் கதை செய்யத்தான் ஆசைப்பட்டோம். "பேயால சமுதாயத்துக்கு என்ன பயன்?" என்று துறைத்தலைவர் கேட்டார். நாங்கள் பேயின் சார்பில் வாதாடத் தெரியாமல் விழித்தோம். சாலைப் பாதுகாப்பு என்று அவரே தலைப்புக் கொடுத்தார். ஆகவே பேருந்து ஓட்டும் கேம் செய்தோம். சிக்னலில் நிற்க வேண்டும், படியில் தொங்குகிறவர்களை உள்ளே அனுப்ப வேண்டும், யாரையும் கீழே தள்ளாமல் கடைசி நிறுத்தம் சேர வேண்டும். வெள்ளானூர் பக்கம் போய் நான் சுவர்களையும் பெட்டிக்கடைகளையும் படம் எடுத்து வந்து அதில் ஒட்டினேன். கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் நான் தனித்தனியாக வரைந்தது.

கண்காட்சி நாளில் சிறப்பு விருந்தினராக உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பின்னால் அதே சட்டையில் ஒரு கூட்டம். எங்கள் மேசை முன் நின்று பேருந்தை ஓட்டினார். இரண்டாவது திருப்பத்தில் பேருந்து அப்படியே சாலைக்குள் இறங்கி மறைந்துபோனது.

பிரமுகர் திரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "இது எந்த ஏரியா ரோடு?"

"கற்பனை சார்," என்றேன்.

"கற்பனை மாதிரி தெரியலையே."

வெள்ளைச் சட்டைகள் நெருங்கி வந்தன. துறைத்தலைவருக்கு நெற்றி வேர்த்தது. நேராக மைக்கை வாங்கி மேடையேறிவிட்டார். மழைக்காலத்தில் பள்ளம் தெரியாமல் போகும் ஆபத்தை மக்களுக்கு உணர்த்தவே, தம் வழிகாட்டுதலில், மாணவர்கள் பல மாதம் உழைத்து இந்தப் பள்ளத்தை வடிவமைத்ததாக முழங்கினார். பிரமுகர் சமாதானமாகிக் கைதட்டினார். பள்ளத்துடன் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் என் கூட்டாளி காரணத்தைக் கண்டுபிடித்தான். சாலையின் ஒரு துண்டை வண்டி தாங்கும் தரையாக மாற்ற, திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட வேண்டும். "அத்த போடாம வுட்டுகீறேன் மச்சி. ஒரே ஒரு டிக்கு." போட்டான். பேருந்து ஜம்மென்று போனது.

மறுநாள் துறைத்தலைவர் கொதித்தார். "யாரைக் கேட்டு மூடினீங்க?"

"சார், அது பக், புரோகிராம்ல வந்த தப்பு."

"நான் மேடையில பேசியாச்சு. பேப்பர்லயும் வந்தாச்சு. பள்ளத்தைத் திரும்பத் தோண்டுங்க."

தோண்டினோம். "நல்லா கீற ரோட்ட ஒடைக்கறதுக்கு டிகிரி பட்ச்சிகினு கீறோம் நாம," என்று கேன்டீனில் அவன் சமோசாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் ஒரு கேம் கம்பெனியில் வேலை செய்யும் பெண். எங்கள் விளக்கவுரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தானே ஓட்டினார். பேருந்து இறங்கியது. "இது ஏன் விழுது?"

"அதாம்மா கான்செப்ட். விழிப்புணர்வு," என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த துறைத்தலைவர்.

"உங்களைக் கேக்கல சார்." என்னைப் பார்த்தார்.

எங்கள் மதிப்பெண் இன்னும் துறைத்தலைவர் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தை விழிப்புணர்வு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பக் மேடம். சரி பண்ணிட்டோம். திரும்ப உடைக்கச் சொன்னாங்க."

"யாரு?"

என் கூட்டாளி கழுத்தை மெல்லத் திருப்பி, துறைத்தலைவரை அன்போடு பார்த்தான். அவர் டையை நீவிக்கொண்டார்.

சரிசெய்த பிரதி அவனுடைய பென்டிரைவில் இருந்தது. அந்தப் பெண் அதைப் போட்டுக் கடைசி நிறுத்தம்வரை ஓட்டினார். படியில் தொங்கிய ஒருவனை உள்ளே அனுப்பியபோது அவன் முறைத்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்டீரிங் ரொம்ப இழுக்குது. ஆனா இந்த முகங்களை யார் வரைஞ்சது? நல்லா இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். நான் வரைந்ததைப் பற்றி அந்தக் கட்டடத்துக்குள் எவரும் ஒரு வார்த்தை சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் தன் கம்பெனியில் வேலை கொடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொடுக்கவில்லை. அவர் கொடுத்த நல்ல மதிப்பெண்ணைத் துறைத்தலைவர் தன் பங்கைக் குறைத்து முடிந்தவரை ஈடுகட்டினார். ஆனாலும் இரண்டு பேரும் தேறிவிட்டோம். இப்போது நான் அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் மிட்டாய் உடைக்கிற கேமுக்கு மிட்டாய் வரைகிறேன். அவன் கல்யாண வீடியோக்களுக்கு கிராஃபிக்ஸ் செய்கிறான். போன வாரம் பேசினேன்.

"இன்னா பண்ற?" என்றேன், அவன் பாஷையிலேயே.

"மாப்ளைக்கு முடி நட்டுகினு கீறேன் மச்சி. பொண்ணு வூட்ல இன்னும் கொஞ்சம் அடர்த்தியா கேக்குறாங்கோ."